இணையமும் ஊரார் கருத்தும்: சுற்றுச்சூழல் ஆய்வில் தமிழின் இடம்

நாட்டு வளர்ச்சிக்கெனத் தொடங்கப்பெறும் பெருந்தொழில்கள் மண்ணையும் நீரையும் காற்றையும் எவ்வாறு தாக்கும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பது இன்று உலகோர் ஒப்பிய நெறியாகும். அவ்வாய்வில் அம்மண்ணில் வாழும் மக்களும் கலந்துகொள்ளுதல் வேண்டும் என்பது 1992-இல் இரியோ டி செனிரோ நகரில் கூடிய உலக நாடுகள் ஏற்ற கொள்கைகளுள் பத்தாவதாகும். இக்கருத்துக் கேட்பினை இணையத்தின் வழியே நடத்தினால் செலவு குறையும், காலம் மிச்சமாகும், எவரும் எங்கிருந்தும் பங்குபெறலாம் என்னும் பேச்சு இப்போது வலுத்து வருகின்றது. நல்ல பேச்சுத்தான். ஆயினும், கரிக்கலாம்பாக்கத்தில் நெல் பயிரிடும் உழவர் ஒருவரிடம் இவ்விணையம் எம்மொழியில் பேசும் என்னும் வினாவிற்கு விடை காணாமல் நாம் அதனை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. தமிழ்த்துறை மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு அவ்வினாவே காரணம்.

சட்டம் தரும் உரிமை

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதன்முதலாக 1994 சனவரித் திங்களில் வெளியிடப்பெற்றது. மக்கள் கருத்துக் கேட்பு 1997-இல் செய்யப்பெற்ற திருத்தத்தால் கட்டாயமாக்கப்பட்டது. இப்போதைய நடைமுறைக்கு அடிப்படையாக இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட அறிவிக்கையாகும். இதன்படி, தொழில் தொடங்க விரும்புவோர் தம் செலவில் வல்லுநரை அமர்த்தி ஒரு வரைவறிக்கை ஆயத்தம் செய்வர். அதன்மீது கருத்துக் கேட்கும் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், நடத்தும். கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் செய்தல் வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவர்தம் பேராளரோ தலைமை தாங்குவார். நிகழ்ச்சி முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பெறும். முடிவில், பேசப்பட்டவற்றின் தொகுப்பு அவையோர்க்கு அவர்தம் மொழியில் படித்துக் காட்டப்பெறும். நேரில் வர இயலாதோர் எழுத்து வாயிலாகவும் கருத்தனுப்பலாம். எழுப்பப்பட்ட முக்கியமான ஐயங்களுக்கெல்லாம் விண்ணப்பதாரர் விடை கூறி, அறிக்கையையும் திட்டத்தையும் அதற்கேற்பத் திருத்துதல் வேண்டும்.

இவ்வேற்பாட்டின் உயிர்நிலை எது என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். அறிக்கையை எழுதுவோர் தொழில் தொடங்குவோரிடம் ஊதியம் பெறுவோர். அவர்கள் விட்டதையும் மறைத்ததையும் சுட்டிக்காட்டக் கூடியோர் அவ்வூரில் வாழ்வோரே. ஏரிக்கு எவ்வழியாக நீர் வருகிறது, எந்தத் திங்களில் கேணி வற்றுகிறது, எந்தப் புறம்போக்கில் ஆடு மேய்கிறது என்பனவெல்லாம் அவர்கள் அறிந்த அறிவு. அவ்வறிவு ஆய்வேட்டிற்குள் நுழைவதற்கு இக்கருத்துக் கேட்பே வாயில்.

இவ்வாயிலில் இணையம் முன்னரே இடம்பெற்றுவிட்டது. அறிக்கையின் சுருக்கத்தையும் கூட்ட நடவடிக்கைகளையும் இணையதளத்தில் வெளியிடுமாறு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே பணிக்கின்றது. 2018 ஆகத்து முதல் நடுவண் அரசின் ‘பரிவேஷ்’ என்னும் இணையதளம் விண்ணப்பங்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் திரட்டி வருகின்றது. முன்பு தில்லிக்கோ ஆட்சியர் அலுவலகத்திற்கோ சென்று காத்திருந்து பார்க்க வேண்டியிருந்த ஏடுகளை இன்று செல்பேசியில் காணலாம். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கமே. அளவீடுகளும் வரைபடங்களும் அடங்கிய முழு அறிக்கை, நூற்றுக்கணக்கான பக்கங்களில், ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே எவருக்கும் விளங்காத மொழியில் பேசிக்கொண்டிருப்பதை விருந்தோம்பல் என்று எவரும் சொல்லார்.

நம் வட்டாரத்தின் நிலை

பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர் பாகூர் ஏரியை நிரப்புகின்றது. கரிக்கலாம்பாக்கம், எம்பலம் முதலான சிற்றூர்களின் உழவும் குடிநீரும் ஏரி, வாய்க்கால், நிலத்தடி நீர் ஆகியவற்றை நம்பியே நிற்கின்றன. கடல் அண்மையில் இருப்பதால், நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சினால் உப்புநீர் உள்ளேறும் அச்சமும் உண்டு. இத்தகைய நிலத்தில் ஒரு தொழில் வருமாயின் அதன் நன்மை தீமைகளை ஊரார் அறிந்து பேசுதல் இன்றியமையாததாகும்.

ஆனால் நிகழ்ந்தது யாது? 2018-இல் விழுப்புரம், புதுச்சேரிக் கடற்கரைப் பகுதிகளை உள்ளடக்கிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கான உரிமம் வேதாந்தா நிறுவனத்திற்கு வழங்கப்பெற்றது. உழவரும் மீனவரும் எதிர்த்தனர். புதுச்சேரி அரசும் எதிர்ப்பைத் தெரிவித்தது. 2019-இல் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின், 2020 சனவரி 16-ஆம் நாள் வெளிவந்த திருத்தம் ஒன்று, எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான துளையிடும் பணிகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்னும் பிரிவிற்கு அவற்றை மாற்றிவிட்டது. பேச வேண்டியவர்கள் பேசுவதற்குமுன் அவை கலைக்கப்பட்டது.

புதுச்சேரி ஊர்களுக்கு மற்றுமொரு குறையும் உண்டு. இங்கு உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பின்னர் 2006-இல்தான் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் 2021-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும் நடைபெறவில்லை. ஊரின் குரலை எடுத்துச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லாத ஆண்டுகளில், பொதுமக்கள் தாமே பேசும் கருத்துக் கேட்பு ஒன்றே அவர்தம் மன்றமாகின்றது. ஆகவே அதனைச் சுருக்குவதும், புரியாத மொழியில் நடத்துவதும் நம் போன்ற ஊர்களுக்கு இருமடங்கு இழப்பாகும்.

2020-ஆம் ஆண்டு தந்த பாடம்

அதே 2020-இல், பழைய அறிவிக்கைக்கு மாற்றாகப் புதியதொரு வரைவினை நடுவண் அரசு வெளியிட்டது. முன்னறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தல், அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி வழங்க வழி செய்தல், பல திட்டங்களைக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குதல் ஆகியன அவ்வரைவில் இருந்தன. பெருந்தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவிய வேளை அது. கூட்டம் கூட இயலாது. அஞ்சலும் சரிவர இயங்கவில்லை. எனவே மின்னஞ்சலே பொதுமக்களின் ஒரே வழியாயிற்று.

இணையத்தின் ஆற்றலை நாடு அப்போது கண்டது. பதினேழு இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்துகள் சென்றன எனச் செய்தித்தாள்கள் எழுதின. சுற்றுச்சூழல் பற்றிய அரசு வரைவு ஒன்றிற்கு இத்தனை மக்கள் விடையெழுதியது அரிய நிகழ்ச்சியாகும். அம்முயற்சியை முன்னெடுத்த சில இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் சூலைத் திங்களில் முடக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இயங்கின. இணையம் மக்களை ஒன்றுசேர்ப்பதைப் போலவே ஓரிடத்தில் அழுத்திய பொத்தானால் அவர்களைப் பிரித்துவிடவும் கூடியது என்பதற்கு இது சான்று.

எனினும், நம் துறைக்கு உரிய பாடம் வேறொன்று. அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பெற்றிருந்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2020 சூன் 30-ஆம் நாள், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து 10 நாளில் வெளியிடுமாறு ஆணையிட்டது. கருத்துரைக்கும் காலத்தை ஆகத்து 11 வரை நீட்டித்தது. அரசோ, ஆங்கிலமும் இந்தியுமே சட்டப்படி போதும் என்று கூறி உச்சநீதிமன்றம் சென்றது. ஆகத்து 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்முறையீட்டில் தலையிட மறுத்தது. மற்ற மொழி மக்களும் புரிந்துகொள்ளும்படி ஆட்சிமொழிச் சட்டத்தையே திருத்துவது பற்றி அரசு எண்ணலாம் என்றும் நீதியரசர்கள் கருத்துரைத்தனர். ஆயினும் இறுதி நாள் கடந்தபோதும் 22 மொழிகளிலும் வரைவு வெளிவந்துவிடவில்லை. தமிழில் அதனை விளக்கும் பொறுப்பைத் தன்னார்வலரும் மாணவரும் தாமே ஏற்றனர்.

அவ்வரைவு அப்படியே சட்டமாகவில்லை என்பதும், அதன்பின் திருத்தங்கள் பல தனித்தனியே வந்தன என்பதும் உண்மை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. மின்னஞ்சல் முகவரி இருப்பதால் மட்டும் மக்கள் கருத்துரைக்க இயலாது. எதைப் பற்றிக் கருத்துரைக்கின்றோமோ அது அவர்தம் மொழியில் இருத்தல் வேண்டும். இது சலுகை கேட்கும் கோரிக்கையன்று. அரசு வெளியிடும் தகவல்கள் வட்டார மொழியையும், அவ்விடத்திற்கு மிகப் பொருத்தமான தொடர்பு முறையையும் கருத்தில் கொண்டு பரப்பப்பெறல் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகின்றது. புதுச்சேரியிலோ 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழே ஆட்சிமொழி. மாகியில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் வழங்கும் என்பதையும் எண்ணி ஏற்பாடு செய்துகொண்ட ஆட்சி இது. சிறிய நிலப்பரப்பில் மொழிதோறும் மக்களை மதிக்கும் மரபுடையோர் நாம்.

வில்லியனூர் காட்டிய வழி

இணையத்தை ஊர்மொழியில் ஊருக்குக் கொண்டுவருதல் இயலுமா என ஐயுறுவோர் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து நடந்தே சென்றுவிடக் கூடிய எம்பலத்தையும், அதன் நடுவிடமாக இருந்த வில்லியனூரையும் நோக்கினால் போதும்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. தொலைபேசியே அரிதாயிருந்த அக்காலத்தில் கம்பியில்லாக் கருவிகளின் வாயிலாக வில்லியனூரிலிருந்து ஊர்களுக்குச் செய்தி சென்றது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. இடத்தை ஊரார் தருதல் வேண்டும், சாதி வேறுபாடின்றி எல்லோரும் வந்துபோகுமாறு அது இருத்தல் வேண்டும் என்பன விதிகள். மையங்களை நடத்தியோருள் பலர் அவ்வூர்ப் பெண்களே. ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் சிறு இதழும் அங்கிருந்து வெளிவந்தது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிகப் பொருந்துவது வீராம்பட்டினத்து நிகழ்ச்சி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளிவரும் அலை உயரக் கணிப்புகளை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் மீனவர் கேட்கச் சொன்னார்கள். கணினியைத் தொட்டும் அறியாத மீனவர்கள் இணையத்தின் பயனைப் பெற்றனர். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாட்டில் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையைத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரை உயிரிழப்பின்றிக் காத்த செய்தி நாடறிந்ததாகும்.

செய்தி கடல்கடந்து வந்தது. அதனை ஊர்மொழியில் மாற்றித் தர ஒருவர் இருந்தார். எல்லோர்க்கும் கேட்குமாறு ஒலிக்கும் பொது இடம் இருந்தது. கருவி, மொழி, மன்றம் என்னும் இம்மூன்றும் கூடியதாலேயே பயன் விளைந்தது. அலை உயரத்தைத் தமிழில் சொல்ல இயன்றது என்றால், ஓர் ஆலை வெளியேற்றும் கழிவுநீரின் அளவைத் தமிழில் சொல்ல ஏன் இயலாது? மேலும், அக்காலத்தில் இருந்த எழுத்துருச் சிக்கல்களும் இன்றில்லை. 1999-இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டிற்குப் பின் விசைப்பலகை ஒழுங்காயிற்று. யூனிகோடு முறை எந்தச் செல்பேசியிலும் தமிழைப் படிக்கச் செய்துவிட்டது.

இரு மறுப்புகள்

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். அறிவியல் அறிக்கைகளைத் தமிழில் எழுதினால் துல்லியம் கெடும் என்பது முதலாவது. உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. ஆங்கில அறிக்கை ‘நீர்நிலை’ என்று ஒரே சொல்லால் குறிப்பதை நம் ஊரார் ஏரி, குளம், குட்டை, தாங்கல், கேணி எனப் பிரித்தறிவர். ஒவ்வொன்றின் பயனும் உரிமையும் வேறு. அறிக்கை ‘தரிசு’ என்று தள்ளிவிடும் நிலம் ஊரார்க்கு மேய்ச்சற் புறம்போக்காகவும் நெற்களமாகவும் இருக்கும். மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால், ஆயக்கட்டு ஆகிய சொற்களைக் கொண்டு எழுதப்பெறும் அறிக்கையில் பிழை நேர்ந்தால் அவ்வூர்ச் சிறுவனும் கண்டுபிடிப்பான். அந்நிய மொழியில் எழுதப்பெற்றதில் உள்ள பிழையோ அனுமதி வழங்கப்பெற்ற பின்னரே வெளிப்படும். அதற்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கு மேல்முறையீடு செய்ய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ஆங்கில ஆவணத்தைப் படித்து விளக்க ஆள் தேடுவதிலேயே அந்நாள்கள் கழிந்துவிடும்.

இணையத்தில் வரும் கருத்துகள் ஒன்றையொன்று பார்த்தெழுதியவை, ஆதலின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பன்று. ஒரே கடிதத்தை ஓராயிரம் பேர் அனுப்புவதைவிட, தன் கேணியின் ஆழத்தையும் அது வற்றும் திங்களையும் எழுதும் ஓர் உழத்தியின் கடிதம் ஆய்வுக்குப் பயன் மிக்கது. ஆனால் அவர் அவ்வாறு எழுத வேண்டுமாயின் அறிக்கை தம் கேணியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் படித்திருத்தல் வேண்டும். படிக்க இயலாதவர் பிறர் எழுதியதில் கையொப்பமிடுவதன்றி வேறென்ன செய்வார்? பார்த்தெழுதும் குறைக்கும் மருந்து தாய்மொழி அறிக்கையே.

செப்பேடு சொல்லும் செய்தி

பாகூருக்கு இது புதிய செய்தியுமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அச்செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் அமைந்தவை. அரச குலத்தின் புகழ் வடமொழியில் விரிகின்றது. நாட்டார்க்கு அனுப்பிய ஆணையும் நிலத்தின் எல்லையும் தமிழில் உள்ளன. எல்லையை நடந்து காட்டிக் கல்லும் கள்ளியும் நட வேண்டியவர்கள் ஊரார். எனவே அவர்க்கு விளங்கும் மொழியில் அது எழுதப்பெற்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் செம்பில் எழுதியோர் அறிந்திருந்த இவ்வுண்மையை, இன்று திரையில் எழுதுவோரும் அறிதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் கடமை

அரசு செய்ய வேண்டுவன சில. முழு அறிக்கையும் தமிழில், தேடிப் படிக்கத்தக்க எழுத்துருவில், செல்பேசியில் திறக்குமாறு வெளியிடப்பெறல் வேண்டும். படமாக எடுத்து ஏற்றிய பக்கங்கள் போதா. வரும் ஒவ்வொரு கருத்திற்கும் எண்ணிட்டு, அதற்குத் தரப்பெற்ற விடையையும் அருகிலேயே பதிதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இணையம் ஊர்க்கூட்டத்திற்குத் துணையாக நிற்றல் வேண்டும். அதற்கு மாற்றாகிவிடக் கூடாது. செல்பேசி இல்லாத முதியவரும், பெரும்பாலும் பிறர் செல்பேசியையே பயன்படுத்தும் பெண்களும் நேரில் வந்து பேசும் உரிமையை எக்காரணம் கொண்டும் இழத்தலாகாது.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருத்தலும் வேண்டா. தமிழ் படிக்கும் மாணவர்க்கு இலக்கணமும் மொழிபெயர்ப்பும் பாடமாக உள்ளன. புதுச்சேரியைச் சார்ந்த ஓர் அறிக்கையை எடுத்து, அதன் ஒரு பகுதியைத் தெளிந்த தமிழில் ஆக்குதலை ஆண்டுதோறும் ஒரு பயிற்சிக் கட்டுரையாகக் கொள்ளலாம். நிலம், நீர் பற்றி ஊரார் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்கலாம். அச்சொற்றொகுதி நாளைய மொழிபெயர்ப்பாளர்க்குக் கருவியாகும். வேதியியல், தாவரவியல் துறையினர் பொருளைச் சொல்ல, தமிழ்த்துறையினர் மொழியைத் தர, இரண்டும் கூடிய தெளிவுரையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லலாம். கல்லூரி வளாகத்திற்கு வெளியே தமிழுக்கு இதனினும் பயனுள்ள தொண்டு வேறு உண்டோ?

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கலந்தாலோசித்தல் என்னும் பொருள்தரும் ‘அஷ்ஷூரா’ என்பதையே திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் பெயராகக் கொண்டுள்ளது. நம் ஜமாஅத்துகளில் மஷூரா செய்யாமல் எப்பெருஞ்செயலும் தொடங்கப்பெறுவதில்லை. நீர் அனைவர்க்கும் பொது என்பதும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறியேயாகும். பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலும், கோயில் மண்டபத்திலும், தேவாலய முற்றத்திலும் கருத்துக் கேட்பு நாளை ஒட்டி வைத்தால், நாளிதழின் உள்பக்க விளம்பரத்தைக் காணாதவரும் அறிவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்கினால் எத்துணையோ பேர்க்குச் செய்தி சென்றடையும். ஏரி நீர் ஊருக்குள் வரும்போது தெருவிற்கொரு சமயம் பார்த்துப் பாய்வதில்லை. அதனைக் காக்கும் பணியிலும் நாம் அவ்வாறே கூடி நிற்போம்.

அறிவியல் தந்த இணையம் வந்துவிட்டது. சட்டம் தந்த உரிமையும் ஏட்டில் உள்ளது. இவ்விரண்டையும் கரிக்கலாம்பாக்கத்து உழவரின் வாய்ச்சொல்லோடு இணைக்கும் பணி தமிழ் கற்றோராகிய நம்முடையது. அடுத்த அறிக்கை நம் வட்டாரத்தைப் பற்றி வெளிவரும்போது, அதன் 30 நாள் எண்ணத் தொடங்கும் முதல் நாளிலேயே நாம் பணியைத் தொடங்கியிருத்தல் வேண்டும்.